மரக்கரண்டிச் சட்டம்

துரஸ்,
2 ஏப்ரல் 1991

என் கண்ணே எட்லிரா,

நான் நலம், உன் தம்பி நலம், குழாய்த் தண்ணீர் மட்டும் நலமில்லை. எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இந்தக் கடிதத்தைக் கப்பல் சமையல்காரர் பெலுல் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலை நம்பினால் உனக்குக் கல்யாணமான பிறகுதான் வந்து சேரும்.

அன்றைக்கு இத்தாலிக்குப் புறப்பட்ட கப்பலின் கயிற்றேணியில் கைக்குழந்தையோடு நான் எப்படி ஏறுவேன், சொல்லு? நீயும் உன் அப்பாவும் மேலே போய்விட்டீர்கள், கூட்டம் என்னைப் பின்னால் தள்ளிவிட்டது. அழாதே. விசா கிடைத்ததும் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

போகிற அவசரத்தில் என் மரக்கரண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய், திருடி! ரொட்டியை மறந்தாள், கம்பளிச் சட்டையை மறந்தாள், மைக்கை மட்டும் மறக்கவில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே வந்து அழுதேன். போகட்டும், கரண்டி அங்கேதான் உபயோகப்படும். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, டி.வி. சத்தத்தைக் குறைத்து, அரசாங்கம் தடை செய்திருந்த இத்தாலிக்காரர்களின் வினாடி வினாவைத் திருட்டுத்தனமாகப் பார்ப்போமே; முடிந்ததும் அடுப்படியில் கரண்டியை மைக்காகப் பிடித்து நாமே ஆடுவோமே, அதை இப்போது உன் அப்பாவோடு ஆடு. சட்டம் நினைவிருக்கிறதா? கரண்டியை வைத்திருப்பவர் இத்தாலிய மொழியில்தான் பேச வேண்டும். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், குற்றமில்லை. புளுகினால் மட்டும் கரண்டியை எதிராளியிடம் கொடுத்துவிட வேண்டும்.

பாவம், அவருக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. நாம் கீழே சோப்புத்தூள் விளம்பரப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோது அவர் மொட்டைமாடியில் ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, போலீஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு குளிரில் நின்றார். நமக்கு அந்த மொழியை வாங்கித் தந்தவர் அவர். நீ அவருக்குக் கற்றுக்கொடு. அவர் வயிற்றையும் கவனி. எரிகிறது என்றால் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா சஃபேதே


பிரிண்டிசி,
12 மே 1991

அன்புள்ள அம்மா,

நாங்கள் பள்ளிக்கூடக் கூடத்திலிருந்து தேவாலய விடுதிக்கு மாறிவிட்டோம். கட்டில் இருக்கிறது. தினமும் பாஸ்தா, தினமும் பாஸ்தா. நீ மாவுக்குள் கீரை வைத்துச் சுடும் பலகாரத்தை நினைத்துக்கொண்டே விழுங்குகிறேன்.

என் இத்தாலிய மொழியைக் கேட்டு ஊரே சிரிக்கிறது. ரொட்டிக்கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுத்ததும் என் வாயில் தானாக "பாராட்டுகள்! அடுத்த சுற்றுக்குப் போகிறீர்கள்!" என்று வந்துவிட்டது. இப்போது அவர் என்னைப் பார்த்தாலே கை தட்டுகிறார். அப்பாவோ மோசமான மாணவர். கரண்டியைக் கையில் கொடுத்தால், "இதை வெச்சு சூப்பைக் கிளறத்தாம்மா எனக்குத் தெரியும், ஆளை விடு" என்கிறார். தக்காளித் தோட்டத்து மேஸ்திரியிடம், போலீஸ் அலுவலகத்தில், கடையில், எங்கே போனாலும் அவருக்காக நான்தான் பேசுகிறேன். நேற்று எல்லோர் முன்னாலும் என் தோளில் கை வைத்து, "என் வாய் இவகிட்டதான் இருக்கு, பத்திரமா வெச்சிருக்கா" என்று சொன்னார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

ஒன்று சொல்ல வேண்டும், பயப்படாதே. அப்பா சாப்பிட்டது எதுவும் நிற்பதில்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகப் போகிறேன்.

உன் திருட்டு மகள்,
எட்லி


பிரிண்டிசி,
3 ஜூன் 1991

அம்மா,

அப்பாவை வார்டில் சேர்த்துவிட்டார்கள். இன்று டாக்டர் என்னை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டு, "பெரியவங்க யாரும் கூட வரலையா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். வயசென்ன என்றார். பதிமூன்று என்றேன். அவர் நர்ஸைப் பார்த்தார், நர்ஸ் தரையைப் பார்த்தாள்.

வயிற்றில் புற்று, அம்மா. நம் அக்ரோன் மாமாவுக்கு வந்தது. இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பிழைக்க வழி இருக்கிறதாம், தள்ளிப்போட்டால் இல்லையாம். அப்பா சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். "உங்கப்பாவுக்கு உண்மை தெரியணும். நீதான் அவர் மொழியில சொல்லணும்" என்றார்.

அந்த வார்த்தை வினாடி வினாவில் ஒரு நாளும் வந்ததில்லை. ஆனாலும் டாக்டர் வயிற்றைத் தொட்டுக் காட்டி விளக்கியதும் புரிந்துவிட்டது. நாம் இத்தனை வருடம் ஆடி ஆடிக் கற்றதில் ஒரு கெட்ட செய்திகூட இல்லை, அம்மா. பரிசு, பாட்டு, கோல், பற்பசை, இவைதான் எனக்குச் சொல்லத் தெரியும். இதை எப்படிச் சொல்வது? எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகுதான் டாக்டர் பேசுவார் என்று அப்பாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சீக்கிரம் எழுது.

எட்லி


துரஸ்,
9 ஜூன் 1991

என் தங்கமே,

சொல்லாதே. ஒரு வார்த்தைகூடச் சொல்லாதே.

நம் வீடுகளில் யாராவது நோயாளியின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? உன் மாமாவுக்கு மட்டும்தான் ஒரு மடையன் சொன்னான். சொன்ன அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன் அப்புறம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவனை நோய் கொல்லவில்லை, எட்லி, அந்த வார்த்தைதான் கொன்றது. என் தம்பியை அப்படிப் பறிகொடுத்துவிட்டு, என் புருஷனையும் கொடுக்க மாட்டேன்.

வயிற்றுப் புண் என்று சொல். புண்ணை வெட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்று சொல். சிரித்த முகத்தோடு சொல், உன் முகத்தைத்தான் அவர் முதலில் படிப்பார். டாக்டர் கேட்டால் எல்லாம் சொல்லிவிட்டேன் என்று சொல். அவருக்கு நம் மொழி தெரியாது, உன் அப்பாவுக்கு அவர் மொழி தெரியாது. நடுவில் நீ இருக்கிறாய். கடவுள் இந்த மட்டும் நமக்கு வழி வைத்திருக்கிறார்.

நான் உன் அம்மா, பெரியவள் சொல்கிறேன். பாவம் என்றால் என் தலையில் விழட்டும்.

அம்மா


பிரிண்டிசி,
20 ஜூன் 1991

அம்மா,

நீ சொன்னபடியே செய்தேன். டாக்டர் கட்டிலருகே நின்று மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே, "வயித்துல புண்ணாம்பா, வெட்டி எடுத்துட்டா சரியாயிடுமாம்" என்றேன்.

அப்பாவும் சிரித்துவிட்டார். "புண்ணுக்கு யாராவது வயித்தைக் கிழிப்பாங்களா? நம்ம ஊர்த் துறைமுகத்துல என்னோட வேலை செஞ்ச பாதிப் பேருக்குப் புண்ணு இருக்கு, ஊறுகாய்த் தண்ணி குடிச்சிட்டு கிரேன் ஓட்டுறான். பவுடர் கொடுத்து அனுப்பச் சொல்லும்மா. அறுவடைக்குப் போகணும், உங்கம்மாவைக் கூட்டி வரணும்."

அதை நான் டாக்டரிடம் எப்படிச் சொல்வேன்? அப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டாமாம் என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "எல்லாத்தையும் சொன்னியா? நான் சொன்ன அதே வார்த்தையையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இவர் ஏம்மா கோபப்படுறார்?" என்றார் அப்பா. வார்டு சாப்பாட்டை நீங்கள் மிச்சம் வைப்பதால் என்றேன். ஒரே நிமிடத்தில் இரண்டு பேரிடமும் இரண்டு மொழியில் புளுகினேன், அம்மா.

இப்போதைக்கு ரத்தம் ஏற்றுவதால் வார்டில் இருக்கிறார். பக்கத்துக் கட்டில் பெரியவர் கோசிமோவோடு நாள் முழுக்கச் சீட்டாட்டம். கரண்டியால் நுழையாத மொழி சீட்டுக்கட்டால் நுழைகிறது! இங்கத்திய சீட்டில் கிண்ணம், காசு, வாள், தடி, எல்லா ஜாதிக்கும் பெயர் தெரிந்துவிட்டது. "திருடா, ஒளிக்கிறாய்!" என்று இத்தாலிய மொழியில் கத்துகிறார். வார்டே சிரிக்கிறது.

உண்மை தெரிந்தால் கையெழுத்துப் போடுவார் என்று எனக்குத் தோன்றுகிறது. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், சொல்லிவிடட்டுமா? சரி என்று ஒரு வரி எழுது.

எட்லி


துரஸ்,
28 ஜூன் 1991

எட்லிரா,

கூடாது என்றால் கூடாது. பாதியில் உடைத்தால் இரண்டு மடங்கு இடிந்துபோவார். புண் வெடித்துவிடும் என்று பயமுறுத்து. வெடித்தால் கிரேனும் இல்லை, தக்காளியும் இல்லை என்று சொல். மகள் அழுதால் எந்த அப்பா கையெழுத்துப் போட மாட்டார்? அழு. உனக்கு நடிக்கவா தெரியாது?

நான் விசாவுக்காகத் தலைநகரத்தில் வெயிலில் வரிசையில் நின்றுவிட்டு வந்தேன். ஜன்னலைத் திறந்தார்கள், மூடினார்கள், அவ்வளவுதான். என்னால் அங்கே வர முடியவில்லை, நீயாவது என் சொல்லைக் கேள்.

அம்மா


துரஸ்,
16 ஜூலை 1991

என் குழந்தையே,

பெலுல் நேற்று வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் உன் அப்பாவைப் பார்த்தாராம். "சஃபேதே, லூவானை எனக்கு அடையாளமே தெரியல. கையைப் பிடிச்சேன், எலும்புதான் இருந்துச்சு" என்றார். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சொல்லிவிடு. இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிடமே போய்ச் சொல்லிவிடு. பொய் சொல்லச் சொன்னது நான் என்றும் சொல், என்மேல் கோபப்படட்டும். அவர் பிழைத்து வந்து என்னைத் திட்டினால் போதும்.

கப்பல் வியாழக்கிழமைதான் அங்கே சேருமாம். அதுவரை எப்படி மூச்சு விடுவேன் என்று தெரியவில்லை.

உன் பாவி அம்மா


பிரிண்டிசி,
25 ஜூலை 1991

அம்மா,

வியாழக்கிழமை பெலுல் வரவில்லை, துறைமுகத்தில் இறங்கவிடவில்லையாம். உன் கடிதம் நேற்றுதான் கிடைத்தது. அப்பாவை அதற்கு முந்தின நாள் அடக்கம் செய்தோம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜூலை தொடக்கத்தில் ஒரு மத்தியானம் சீட்டாடும்போது அப்பா அவசரப்படுத்தியிருக்கிறார். கோசிமோ, "எதுக்கு ஓடுறே? உனக்கும் எனக்கும் வயித்துல ஒரே சனியன்தானே, மெதுவா ஆடு" என்றாராம். அப்பாவுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியாது. கோசிமோவுக்குப் புற்று என்பது வார்டுக்கே தெரியும், அதற்குள் அப்பாவுக்கும் அவர் சொன்னது புரியும் அளவுக்கு மொழி வந்துவிட்டிருந்தது.

சாயங்காலம் நான் போனதும், "எட்லி, டாக்டர் அன்னைக்கு என்ன சொன்னார்? இன்னொரு தடவை சொல்லு" என்றார். கூடாது என்று நீ எழுதிய கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. "புண்ணுதாம்பா, வெடிச்சிடுமாம்" என்று சொல்லி அழுதேன். நடிக்கவில்லை, நிஜமாகவே அழுதேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிம்மா. நல்லா சொன்னே" என்றார்.

மறுநாள் காலையில் அவரே டாக்டரைக் கூப்பிட்டு, சீட்டுக்கட்டு மொழியை வைத்துக்கொண்டு, கோசிமோவின் துணையோடு கேட்டிருக்கிறார். "வெட்டு. இப்போ. கையெழுத்து." நான் உள்ளே போனபோது டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். வெட்டுகிற நேரம் போய்விட்டதாம்.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கவில்லை, அம்மா. கை தூக்க முடிந்தவரை சீட்டாடினார். என் பக்கம்தான் திரும்பவில்லை. திட்டவும் இல்லை, திட்டியிருக்கலாம். தலையைத் தடவுவார், சாப்பிட்டாயா என்று கேட்பார். ஆனால் டாக்டர் வந்தால், "நீ போய் வெளியில காத்து வாங்கும்மா" என்று அனுப்பிவிடுவார். தண்ணீர் வேண்டுமென்றாலும் நர்ஸிடம் தானே இத்தாலிய மொழியில் கேட்டார். பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று என்னிடம் கொடுத்த வாயைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். கோசிமோவின் மனைவி தன் வீட்டில் இடம் தருகிறாள். நான் திரும்பி வரவில்லை. விசா கிடைத்தால் தம்பிக்காக வா, நான் துறைமுகத்துக்கு வருவேன் என்று எதிர்பார்க்காதே. "பாவம் என்றால் என் தலையில் விழட்டும்" என்று எழுதினாய். அது விழும் இடத்தை நாம் முடிவு செய்ய முடியாது போலிருக்கிறது.

பெலுல் கையில் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். உன் மரக்கரண்டி. புளுகினால் எதிராளியிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதுதானே சட்டம். வாங்கிக்கொள்.

எட்லிரா