வாடகை ரோஜா

ஓசூர்,
தை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி ஆனந்தராஜுக்கு அண்ணன் ராமப்பன் எழுதுவது.

உன் அவரைப் பாத்தியைப் பிடுங்கியது உன்னோடு உள்ளே இருக்கிற திம்மப்பன்தான். பிடுங்க வைத்தவர்கள் வேறு. நான் அங்கே நின்று கண்ணால் பார்த்தேன்.

சிறையில் இதைப் பிரித்துப் பார்க்கும் ஐயாவுக்கும் வணக்கம். ஒளிக்க ஒன்றுமில்லை, முழுதும் படித்துவிட்டே அவனிடம் கொடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மனு போட்டு உன்னைப் பார்த்துவிட்டு வந்த உன் பெண்டாட்டி மாதேஸ்வரி சோற்றைத் தொடவில்லை. "அந்தத் திம்மப்பன சும்மா விட்டா நான் எங்கப்பனுக்குப் பொறக்கலைங்கறாரு, மாமா" என்று ஒரே அழுகை. ஆடியில் நீ வெளியே வரவேண்டியவன். இப்போது கை ஓங்கினால், நன்னடத்தைக்காகக் கழித்த நாளெல்லாம் மறுபடி உன் தலையில் ஏறும். அதனால்தான் செடிக் கடையை முத்துமணியிடம் விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நடந்தது இது. உங்களுக்குத் தோட்ட வேலையும் சுற்றுச்சூழலும் சொல்லித்தருகிற பெங்களூர் அமைப்பிலிருந்து, சான்றிதழ் கொடுக்கும் விழாவுக்குப் பூத்த ரோஜாச் செடிகள் ஒருநாள் வாடகைக்கு வேண்டுமென்று போன் வந்தது. கல்யாண மண்டபத்துக்கும் கம்பெனி விழாவுக்கும் அனுப்புவது போலத்தான். இடம் உங்கள் சிறை என்றதும், உன்னைப் பார்க்கலாமே என்று வண்டியோடு நானே வந்தேன். அன்றைக்கென்று உன்னைப் பல் பிடுங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார்கள்.

உள்ளே போனால், பூவும் பிஞ்சுமாக, அடியில் நாலு முற்றிய நெற்றுமாக நிற்கிற அவரையைத் திம்மப்பன் வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தான். "ஒரு வாரம் விடுங்க சாமி, சமையல்கட்டுக்கு ஆவும்" என்று கெஞ்சியும் பார்த்தான். "பெரிய பண்ணையாரு! சொன்னதச் செய்டா" என்றார் காவலர். அமைப்பின் பொறுப்பாளர் அம்மாவிடம் நானும் கேட்டேன். "அவரை போட்டோல வெறும் புதரா தெரியும் சார், கலர் வேணும்" என்றார். அவருக்கு அது பாவமாகக்கூடத் தோன்றவில்லை.

அந்தக் குழிகளில் என் ரோஜாவை, பிளாஸ்டிக் பையைக்கூடக் கிழிக்காமல் இறக்கி, மேலே மண்ணைத் தள்ளினார்கள். செடி திரும்ப வண்டியேற வேண்டுமே! தண்ணீர் லாரி வந்து தரை முழுக்க நனைத்தது. அந்தச் சேற்றில் நின்றுகொண்டு, பணம் கொடுக்கிற கம்பெனியின் அதிகாரி, சொட்டு நீரையும் சேமிக்க வேண்டும் என்று பேசினார். காவலர் கைகாட்டியதும் எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து சான்றிதழ். உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ இல்லை. வேறொருவனை நிறுத்தி, உன் பெயர் போட்ட காகிதத்தை அவன் கையில் கொடுத்துப் படம் எடுத்துவிட்டு, பிடுங்கிக்கொண்டார்கள்.

கார்கள் போனதும் ரோஜா வண்டியேறியது. உன் அவரை காயோடு குப்பை டிராக்டரில் போயிற்று. மேலே நல்ல தக்காளியும் அடியில் அழுகலும் வைத்து விற்கிறவனோடு இருபது வருஷம் சந்தையில் மல்லுக்கட்டியவன் நான். அவனாவது வயிற்றுக்காகச் செய்கிறான். செடி வளர்க்கக் கற்றுக்கொடுக்கிறோம் என்று வந்தவர்கள், வளர்ந்த செடியைக் குப்பையில் போட்டுவிட்டுப் படத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள். தூ! அன்று வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகும் அருவருப்பு போகவில்லை.

வண்டியேறும்போது திம்மப்பன் கிட்டே வந்தான். "அண்ணா, ஆனந்து வந்தா நான் இன்னான்னு சொல்றது? முத்துன நெத்த மட்டும் பனியனுக்குள்ள எடுத்து வச்சிருக்கேன், வெதைக்காவது ஆவும்" என்றான். அந்த நெற்றைக் கொடுக்க உன்னிடம் வந்தவனைத்தான் நீ வாயே திறக்க விடாமல் விரட்டினாயாமே. கான்ட்ராக்டர் மண்டையை உடைத்த அன்றும் நீ யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை. அதன் பலனைத்தான் உள்ளே அனுபவிக்கிறாய்.

கோபம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், எனக்கே அடங்கவில்லை. ஆனால் அதை உன்னைப் போலவே கைகட்டி நிற்கிறவன் மேல் காட்டாதே. மாதேஸ்வரி உன் சட்டைகளைத் துவைத்து மடித்து வைக்கிறாள், மறு வாரமே எடுத்து மறுபடி துவைக்கிறாள். வேறென்ன செய்வாள்? நல்லபடியாக வந்து சேர், தம்பி.

நேற்று மனு நாள் இல்லை, உன்னைப் பார்க்க விடவில்லை. வாடகைப் பில்லோடு அங்கே வந்து, அந்த அம்மாவையும் உங்கள் அதிகாரியையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசி முடித்தது இது. ரோஜாவுக்கு வாடகை எனக்கு வேண்டாம்; அதற்குப் பதில், காய் ஓயும்வரை அந்தப் பாத்தியில் எந்த விழாவும் கிடையாது. தொழு உரம் நான் அனுப்ப வேண்டும். விதை திம்மப்பனுடையது, புதர் அவரைதானே, தண்ணீர் இருந்தால் எந்தப் பட்டத்திலும் வரும். காய் முழுதும் சமையல்கட்டுக்கு. வேலை உனக்கும் திம்மப்பனுக்கும் சரிபாதி. இருவரில் ஒருவர் கை ஓங்கினாலும் பாத்தி இருவருக்கும் இல்லை. திம்மப்பன் சரி என்றுவிட்டான். உன்னைக் கேட்காமலே, உனக்காக நானும் சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உன் அண்ணன்,
ராமப்பன்