ஆகஸ்ட் ஐந்துக்குள் வராத கர்த்தர்

1951 ஜூலை 8, ஞாயிறு

நான்கு நாளாக மழை விடவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூட அறையில் ஜெபக்கூட்டம். பொன்னையா உபதேசியார் தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் வந்து, தோட்டத்து ரோட்டில் நனைந்துகொண்டே நடந்து வந்திருந்தார். பதினேழு பேர் கூடினோம். ஈரக் கம்பளிகளின் வாடை அறை முழுக்க.

பைபிளின் கடைசிப் புத்தகத்தில் வரும் மிருகத்தின் முத்திரையைப் பற்றிப் பேசினார். அந்த முத்திரை இல்லாதவன் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது என்ற இடம்.

"அது என்னா முத்திரைன்னு ரெண்டாயிரம் வருஷமாத் தேடினாங்க. இந்தா, கொழும்புல அச்சடிச்சுத் தோட்டம் தோட்டமா அனுப்புறான். பேரக் குடு, நம்பர வாங்கிக்க. நம்பர் இல்லாதவனுக்கு இந்த மண்ணுல எடமில்ல. இதுக்கு மேல என்னா அடையாளம் வேணும் ஒங்களுக்கு?"

அவர் இதைச் சொல்லும்போது என் பையில் ஏழு பிரஜாவுரிமை விண்ணப்பங்கள் இருந்தன. ஆறு விண்ணப்பங்கள், லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத்து ஆட்களுடையவை. ஏழாவது என்னுடையது. ஏழையும் நிரப்பியவன் நான்தான். தோட்டத்து வாத்தியார் வேறு எதற்கு இருக்கிறார்? பையை மெல்லக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினேன்.

ஜூலை 9, திங்கள்

அந்த அதிகாரத்தை மூன்று தடவை வாசித்தேன். உபதேசியார் சொன்னபடியேதான் இருக்கிறது.

ஜூலை 11, புதன்

தெரேசாவுக்கு ஆறாம் மாதம். வாத்தியார் பெண்டாட்டி கொழுந்தெடுக்கப் போகலாமா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். என் சம்பளத்தை வைத்து அவர்கள் ஒரு மாதம் குடும்பம் நடத்திக் காட்டினால் பதில் சொல்கிறேன்.

இன்று கூடையிலிருந்து ஒரு கொழுந்தை எடுத்துக் காட்டினாள். இலை முழுக்கக் கொப்புளம். போன மழைக்கு மேல் மலையில் மட்டும் இருந்தது. இப்போது கீழே வரை வந்துவிட்டதாம். தோட்டத்தில் மருந்து அடிக்கிறார்கள்.

கொள்ளைநோய்கள் வரும் என்று எழுதியிருக்கிறது. கொரியாவில் சண்டை நடக்கிறது. எனக்கு இலையைத் தொடவே மனம் வரவில்லை. அவள் சிரித்துக்கொண்டே அதை அடுப்பில் போட்டாள்.

கர்ப்பவதிகளுக்கு அந்த நாட்களில் ஐயோ என்றும் எழுதியிருக்கிறது. இதை அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஜூலை 15, ஞாயிறு

மச்சான் சூசைரட்ணம் வந்திருந்தார். தெரேசாவின் அண்ணன், ஃபாக்டரியில் வேலை. அவர்கள் கத்தோலிக்கர்கள். தெரேசா என்னைக் கட்டிக்கொண்டு எங்கள் சபைக்கு வந்தாலும், சுவரில் மாதா படம் அப்படியே இருக்கிறது. கழற்றச் சொல்லிப் பார்த்தேன், இரண்டு நாள் சோறு வேகவில்லை.

விண்ணப்பம் போட்டாயிற்றா என்று மச்சான் கேட்டார். உபதேசியார் சொன்னதைச் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"மச்சான், அதெல்லாம் எப்பவோ நடந்து முடிஞ்சிருச்சு. ரோமாக்காரன் எருசலேமுக்கு வந்து கோயில இடிச்சான் பாருங்க, அதத்தான் ஏசு சொன்னாரு. இந்தத் தலைமொற சாகுறதுக்குள்ள நடக்கும்னாரு, நடந்துச்சு. எங்க சாமியாரே சொல்லிருக்காரு."

"அப்ப மேகத்து மேல வருவேன்னது? அதுவும் நடந்துருச்சா? நீங்க பாத்தீங்களா?"

"நீங்கதான் படிச்சவரு, நீங்க சொல்லுங்க. அந்தத் தலைமொற செத்து ஆயிரத்தித் தொளாயிரம் வருஷமாச்சு. நடந்துருச்சுன்னு சொல்லலைன்னா, அவரு சொன்னது பொய்யாப் போயிருச்சுன்னுல்ல ஆகும்? எது வேணும் ஒங்களுக்கு?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. உபதேசியார் சொல்வது இதுதான்: அத்திமரம் துளிர்ப்பதைப் பார்க்கிற தலைமுறை என்று பொருள். அத்திமரம் யூத ஜனம். அவர்கள் நாற்பத்தெட்டில் தங்கள் நாட்டுக்குத் திரும்பினார்கள். அத்திமரம் துளிர்த்தது. அப்படியானால் அந்தத் தலைமுறை நாங்கள்.

இதைச் சொன்னதும் மச்சான் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அதே நாப்பத்தெட்டுலதான் நம்மள இந்த நாட்டுக்காரன் இல்லன்னு சட்டம் போட்டான். அவங்க மரம் துளுத்தது இருக்கட்டும். நம்ம மரத்த வேரோட புடுங்குறான் மச்சான். கையெழுத்தப் போடுங்க."

ஜூலை 16, திங்கள்

அவர் சொன்னது பொய்யாகிவிட்டதா — இப்படி ஒரு வரியை எழுதவே கை கூசுகிறது. எழுதிவிட்டேன். கர்த்தாவே, மன்னியும்.

ஜூலை 22, ஞாயிறு

இன்று கலண்டரைப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் ஐந்து. அன்று ஞாயிற்றுக்கிழமை. மழைக்காலம்.

நீங்கள் ஓடிப்போவது மாரிகாலத்திலும் ஓய்வுநாளிலும் நேராதபடி வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார் கர்த்தர், மத்தேயு இருபத்திநாலில், கடைசி நாளைப் பற்றி. மாரியும் ஓய்வுநாளும் ஒன்றாக வருகிற தேதியைச் சர்க்காரில் யார் தேர்ந்தெடுத்தது? தற்செயல் என்று மச்சான் சொல்வார். அன்றைக்கே கர்த்தர் வந்துவிடுவாரோ? பிள்ளைகளுக்குக் கணக்குக்கூடச் சொல்லித்தர முடியவில்லை. வானம் இருட்டும்போதெல்லாம் ஜன்னலுக்குப் போகிறேன்.

ஜூலை 28, சனி

சோலைமலை தன் பேப்பர் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வந்தார். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராக்காரர், மாரியம்மன் கோயில் பூசையும் அவர்தான். அடுத்த சனிக்கிழமை எல்லாவற்றையும் ஒன்றாகப் பதிவுத் தபாலில் போடுவதாகச் சொன்னேன். என் பயத்தையும் ஏனோ அவரிடம் சொல்லிவிட்டேன்.

"ஒங்க சாமி வர்றதுக்குள்ள போட்டுருங்க வாத்தியாரே. வந்தாருன்னா வரட்டும், பேப்பரு சும்மா கெடந்துட்டுப் போவுது. வரலைன்னா என்னா செய்வீங்க?"

சிரிப்பு வந்தது. அவர் போனதும் மறுபடி பயம் வந்துவிட்டது. அவருக்கு என்ன தெரியும், முத்திரை வாங்கினவனுக்கு எரிகிற கடலில் இடம் என்று? அது தெரிந்த நான் அவருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேனே. அது எந்தக் கணக்கில் சேரும்?

ஆகஸ்ட் 2, வியாழன்

தெரேசா பைபிளுக்குள் இருந்த என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டாள். எல்லாம் நிரம்பியிருக்கிறது. கையெழுத்துக்கான கோடு மட்டும் காலி.

"ஊரு சனத்துக்கெல்லாம் எழுதிக் குடுத்தீங்க. நம்மளுக்கு ஏன் இன்னும் கையெழுத்துப் போடல?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், கர்ப்பவதிகள் விஷயத்தைத் தவிர.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "ஒங்க அப்பா பொறந்தது இந்த லயம். எங்க அப்பாவப் பொதைச்சது அந்தா அந்த மேடு. நாளைக்கு இந்தப் புள்ள, நான் எந்த ஊருன்னு கேட்டா என்னா சொல்றது? சாமி வந்து சொல்லுமா?"

நம்முடைய குடியிருப்பு பரலோகத்தில் என்று எழுதியிருக்கிறது என்றேன். சொல்லும்போதே அது என் வாயில் நிற்கவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள். பிறகு வந்து, சனிக்கிழமை போடாமல் வீட்டுக்கு வரக்கூடாது என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்ட் 4, சனி

எழுதவேண்டும். எழுதிவிட்டுத்தான் சாப்பிடவேண்டும்.

டிக்கோயாவுக்கு நடந்தே போனேன். குடை தாங்காத மழை. தபால் கந்தோரில் ஆறு கவர்களையும் கொடுத்தேன். ஆறு ரசீதுத் துண்டுகள் கிடைத்தன. ஏழாவதை எடுத்து அங்கிருந்த பலகை மேல் வைத்து, பேனாவையும் எடுத்தேன். கடவுள் சாட்சியாக எடுத்தேன். கோட்டின் மேல் முனையை வைத்ததும் வெளியே ஒரு இடி. பேப்பரில் மை சொட்டியது.

கவுண்டரில் இருந்தவர் மணியைப் பார்த்துவிட்டு, "இக்மனட்ட மாத்தயா, வஹனவா" என்றார். சீக்கிரம், மூடப்போகிறோம் என்று சிங்களத்தில். நல்ல மனிதர். எனக்காகக் கொஞ்ச நேரம் காத்துக்கொண்டுகூட இருந்தார். நான் பேப்பரை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் தெரேசா வாசலிலேயே நின்றாள். "போட்டாச்சா?"

போட்டாச்சு என்றேன்.

கையை நீட்டினாள். ஆறு துண்டில் ஒன்றைக் கொடுத்தேன். சோலைமலையுடையது. துண்டில் நம்பர் மட்டும்தான், பெயர் கிடையாது. அவள் அதைக் கண்ணில் ஒற்றி, மாதா படத்துக்குப் பின்னால் செருகினாள். சோலைமலை வந்து கேட்டபோது, உங்கள் துண்டு மட்டும் மழையில் நனைந்து கிழிந்துவிட்டது, பயப்படாதீர்கள், பேப்பர் போய்விட்டது என்றேன். ஒரே சாயங்காலத்தில் இரண்டு பொய்.

நாளைக்குக் கர்த்தர் வந்துவிட்டால் எதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்காது. அவர் வரவேண்டும் என்று வேண்டினேன். முதல் தடவையாகப் பயமில்லாமல் வேண்டினேன்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

மழை. உபதேசியாரோடு பகல் முழுக்க உபவாசம். யார் கதவைத் தட்டினாலும் தூக்கிவாரிப் போட்டது.

ஆகஸ்ட் 6, திங்கள்

காலையில் ஆட்களைக் கூப்பிட்டுப் பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். ஆட்கள் வேலைக்குப் போனார்கள். தெரேசா கூடையை மாட்டிக்கொண்டு போனாள். மழை விட்டு வெயில்கூட அடித்தது. வானம் அப்படியே இருந்தது.

அக்டோபர் 19, வெள்ளி

பெண் குழந்தை. டிக்கோயா ஆஸ்பத்திரியில். இருவரும் சுகம். லில்லி என்று பெயர். ஐயோ என்று எழுதியிருந்தது என் வீட்டில் நடக்கவில்லை. நன்றி சொல்ல வாய் திறந்தேன், துண்டு ஞாபகம் வந்து வாய் மூடிக்கொண்டது.

1954 மார்ச் 14, ஞாயிறு

பொன்னையா உபதேசியாரின் கார்டு வந்திருக்கிறது, திருச்சியிலிருந்து. அவரும் விண்ணப்பம் போடாதவர்தான். சொன்னபடி நடந்தவர், அந்த மரியாதை அவருக்கு உண்டு. போன வருஷம் கப்பல் ஏறினார். நாள் தப்பவில்லை, நாம் கணக்குப் பார்த்ததுதான் தப்பு என்று எழுதியிருக்கிறார். அங்கே அடையாளங்கள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றனவாம்.

1956 ஜூன் 20, புதன்

மச்சானுக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. சோலைமலைக்கும். லயத்தில் பாயசம்.

"ஒரே நாளுலதான போட்டீங்க? நம்மளுக்கு மட்டும் ஏன் வரல?" என்றாள் தெரேசா. விசாரணை சுணங்கும் என்றேன். இப்போது எனக்கு வானத்தைப் பார்த்துப் பயமில்லை. தபால்காரர் வந்தால்தான் பயம்.

1960 மார்ச் 19, சனி

இன்று எலெக்ஷன். மச்சான் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். நாங்கள் வீட்டில் இருந்தோம்.

1964 நவம்பர் 1, ஞாயிறு

ரேடியோவில் சொன்னார்கள். இந்த நாட்டுப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். பிரஜாவுரிமை இல்லாத எங்களில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு. மூன்று லட்சம் பேர் இங்கே. கடை வாசலில் கூட்டமாக நின்று கேட்டோம். சோலைமலை என் தோளைத் தொட்டு, "ஒண்ணும் ஆவாது வாத்தியாரே" என்றார். என் முகம் அவருக்கு அப்படித் தெரிந்திருக்கிறது.

நவம்பர் 7, சனி

மத்தியானம் வாசலில் தெரேசாவும் மச்சான் பெண்டாட்டி இசபெல்லும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து திருகையில் குரக்கன் அரைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே பிடியை இரண்டு பேரும் பிடித்திருந்தார்கள். ஏதோ பேச்சு, ஒரே சிரிப்பு.

இரண்டு பெண்கள் அரைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுவாள், ஒருத்தி விடப்படுவாள். பதின்மூன்று வருஷம் கழித்து அந்த மத்தேயு வசனம் என் வாசலில் உட்கார்ந்திருந்தது. இசபெல் மச்சானோடு இருப்பாள். தெரேசா என்னோடு கப்பல் ஏறுவாள், அவள் கண்ணால் கண்டிராத ஒரு நாட்டுக்கு. நிறைவேறிவிட்டது மச்சான். ஆனால் இதைச் செய்தது கர்த்தர் இல்லை. நான்.

இசபெல் போகும்வரை பள்ளிக்கூடத்தில் நின்றேன். பிறகு போய்ச் சொன்னேன். "தெரேசா, அந்தப் பேப்பர நான் போடவே இல்ல."

அவள் கல்லில் இருந்த மாவைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"லில்லி ரெண்டாங் கிளாஸ் போறப்ப, சோலைமலை அண்ணன் சும்மா பேச்சுவாக்குல சொன்னாரு, அவரு துண்டு மட்டும் மழையில கிழிஞ்சு போச்சுன்னு. நீங்க எனக்குக் குடுத்த துண்டு காஞ்சுதான இருந்துச்சு. ஒரு பையில ஒண்ணு மட்டுமா நனையும்?"

"ஏன் அப்பவே கேக்கல?"

நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். இன்னைக்கிச் சொல்லுவாரு, நாளைக்கிச் சொல்லுவாருன்னு. ஒங்க கர்த்தரு வரல, வரலைன்னு பாத்துக்கிட்டே இருந்தீங்களே, நானும் அப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

ஏசியிருக்கலாம். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மாதா படத்துக்குப் பின்னாலிருந்து துண்டை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். மஞ்சளாகிப் போயிருந்தது. "அவரு சாமானு. அவருகிட்டக் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

கொடுத்தேன். நடந்ததையும் சொன்னேன். சோலைமலை துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

நவம்பர் 8, ஞாயிறு

தொழிற்சங்கத்தில் ஒரு பட்டியல் கேட்டிருக்கிறார்கள். யாரிடம் பிரஜாவுரிமை இருக்கிறது, யாரிடம் இல்லை என்று குடும்பம் குடும்பமாக எழுதித் தரவேண்டும். வாத்தியார்தான் எழுதவேண்டும்.

பக்கத்தின் நடுவில் கோடு கிழித்தேன். இடது பக்கம் சூசைரட்ணம், சோலைமலை, மற்றவர்கள். வலது பக்கம் முதல் பெயராக என்னுடையதை எழுதினேன். றோலண்ட், மனைவி தெரேசா, மகள் லில்லி. தெரேசா தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட ஒரு கோடும் கிழித்தேன். என்னுடையதில் போட்டேன். மை சொட்டவில்லை. வானம் அப்படியே இருந்தது.