நாலாவது சுற்று

அண்ணா,

உன் கால் வலி குறைந்ததா?

கார் பந்தயத்தில் ஆளுக்கு ஒருமுறை அந்த நீளமான ஜோக்கர் சுற்றுத் தடத்தில் போயே தீரவேண்டும். எந்தச் சுற்றில் போவது என்பது ரேடியோவில் எனக்கு வழி சொல்லும் உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். ஆனால் இந்தப் பருவம் முழுக்க, நான் அதில் திரும்பும்போதெல்லாம் போட்டியாளன், நார்வேக்காரன் ஸ்டைனார், ஒரு நொடி முன்னால் நுழைந்து வழியை மறித்தான்.

“தற்செயல்டா, காபியக் குடி,” என்று சிரித்தாய்.

நேற்று ஹொல்யெஸ் மைதானத்தில் இறுதிப் பந்தயத்துக்கு முன், “நாலாவது சுத்துல போறேண்ணா,” என்று உன்னிடம் சொன்னேன். நாலாவதில் நான் திரும்பவில்லை. ஸ்டைனார் திரும்பினான்.

ஜெயித்தேன். ஊரே கத்தியது. நீ மட்டும் ரேடியோவை அணைத்துவிட்டாய்.

உன் காலில் அடிபட்ட விபத்துக்கு முன், நான் ஓட்டும் இந்தக் காரை நீதானே ஓட்டினாய்? திருப்பிக் கொடுடா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

உன் தம்பி