போடி லூசு

அன்புள்ள அண்ணா,

உன் கம்பெனியில் மேனேஜர் நாற்காலி எனக்காகக் காத்திருப்பதாக மறுபடியும் எழுதியிருக்கிறாய். "எப்பதான் உருப்படப் போறே?" என்று வேறு கேட்டிருக்கிறாய்.

பக்கவாதத்தில் பேச்சுப் போன ஒரு பஸ் டிரைவருக்குப் பல மாதமாகப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். "அம்மா சொல்லுங்க, தண்ணி சொல்லுங்க" என்று தினமும் அவர் உயிரை எடுப்பேன். ஒரு வார்த்தையும் வராது. இன்று எரிச்சல் தாங்காமல் என்னை முறைத்து, தெளிவாகச் சொன்னார்: "போடி லூசு!"

அவர் மனைவி பதறிப்போய் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் டிரைவரிடம், "இன்னொரு தடவை திட்டுங்க சார்" என்றேன். திட்டினார்.

அந்த அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் எதிரே உட்கார்ந்து, "என்னையும் திட்டுங்க" என்றார்.

உன் நாற்காலிக்கு வேறு ஆளைப் பார், அண்ணா. நாளைக்கும் எனக்குத் திட்டு வாங்குகிற வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
உருப்பட்டுவிட்ட உன் தங்கை