பாதியில் நின்ற பூ

கோப்பாய்

என் அன்பானவருக்கு,

போனில் கதைக்கப் பயமாக இருக்கிறது. கொழும்புக்கு வரும் உங்கள் தம்பியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள். பிள்ளைகள் சுகம்.

நேற்று சிவில் உடுப்பில் இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். மோட்டரும் வயருமாக நீங்கள் ஏதோ செய்வதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது மரத்தில் படம் செதுக்கும் சிஎன்சி மெசின், யூடியூப் பார்த்து ஆசைக்குச் செய்தது என்றேன்.

"அப்ப ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ" என்றார் மூத்தவர்.

நீங்கள் கடைசியாக ஏற்றிவைத்த படம் என்னவென்று எனக்குத் தெரியாது. பச்சைப் பொத்தானை அழுத்தினேன். பலகையில் ஓர் இதழ் நெருப்புப்போல நெளிந்து எழும்பியது. இரண்டாவது இதழில் எனக்கு விளங்கிவிட்டது. கார்த்திகைப் பூ. இயக்கத்துக்குப் போய்த் திரும்பி வராத என் அண்ணையின் படத்துக்குச் சட்டம் செய்து தருவதாகச் சொன்னீர்களே. மாவீரருக்கு வைக்கிற அந்தப் பூவுக்கே விசாரணை வரும் என்று உங்களுக்குத் தெரியாதா?

சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்? உது என்ன பூ?"

"தாமரை. மெசின் சூடாகிப்போச்சு. மிச்சத்தை அவர் வந்துதான் வெட்டவேணும்."

மூத்தவர் இதழ்களை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பலகையைப் போனில் படம் எடுத்தார்.

"வடிவா இருக்கு. சனிக்கிழமை வாறம். முடிச்சு வையுங்கோ."

ஆகவே வேறு பலகை வைக்க முடியாது. எரிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த இரண்டு இதழ்களும் உள்ளே இருக்கும்படி ஒரு தாமரை வரைந்துகொண்டு வெள்ளிக்கிழமைக்குள் வாருங்கள்.

வாசல் படலையைப் பார்த்தபடி,
உங்கள் மனைவி