பெயர் வைக்காத ஒன்பது பேர்

பிப்ரவரி 3, திங்கள்

இன்றும் ஒரு பிள்ளை வரவில்லை. நான்காவது நாள். இருபது பாய், மூன்று டப்பா பால் பவுடர், சோப்புப் போட்டுக் கழுவிய பொம்மைகள், கடைசி வருஷ மாணவர்களான நாங்கள் எட்டுப் பேர், எல்லாம் தயார். பிள்ளைதான் இல்லை.

குமாசி நகரச் சந்தைக்குப் பின்னால் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான இந்தப் பழைய அறையை வாங்க ஆறு வாரம் நடையாய் நடந்தேன். தலையில் சுமையும் முதுகில் பிள்ளையுமாகச் சந்தையில் அலைகிற, வடக்கேயிருந்து கூலி வேலைக்கு வந்த பெண்கள், பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு வேலை பார்க்கட்டும் என்பதுதான் எங்கள் சேவைத் திட்டம். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. அவர்களோ எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நபாரி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான். எங்கள் குழுவில் அவன் ஒருவன்தான் வடக்கே தமாலேக்காரன். "செர்வா, கிழங்கு லாரி எத்தனை மணிக்கு வரும்னு உங்க அம்மாகிட்ட கேட்டியா?" என்றான்.

அம்மா அதே சந்தையில் இருபத்திரண்டு வருஷமாக வள்ளிக்கிழங்கு விற்கிறாள். லாரி விடிகாலை நாலு மணிக்கு வரும். எட்டு மணிக்கெல்லாம் அந்தப் பெண்கள் பாதி நாள் வேலையை முடித்திருப்பார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கத்தான் இல்லை. முதல் நாளே சொல்வதற்கென்ன என்று அவனைக் கேட்டால், "நீதானே தலைவி, நீ கேப்பேன்னு இருந்தேன்" என்கிறான். உதைக்கணும் அவனை.

பிப்ரவரி 6, வியாழன்

நாலு மணிக்குத் திறந்தோம். பதினாலு பிள்ளைகள். ஒருத்தன் என் மடியிலேயே மூத்திரம் போனான். ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

இருபத்திமூன்று பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். இன்று பதிவேடு போட்டேன். நபாரி தன் அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறான், நானே எழுதினேன்.

பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டால் ஒருத்தி "சம்பகா" என்றாள். அடுத்தவளும் சம்பகா. அதற்கடுத்தவளும். ஆறு பெண் பிள்ளைகள் சம்பகா, மூன்று பையன்கள் சாண்டோ. என்னைக் கிண்டல் செய்கிறார்களா, இல்லை பெயரைச் சொல்லப் பயமா? "எந்தக் கிழமை பிறந்தது?" என்று கேட்டேன். அது மட்டும் பளிச்சென்று வந்தது. சரி, வேலை முடிந்தது. செவ்வாய் என்றால் அபெனா, வெள்ளி என்றால் அஃபுவா, ஞாயிறு பையன் க்வாசி. எங்கள் வழக்கத்தில் கிழமை தெரிந்தால் பெயர் தெரிந்த மாதிரிதானே? நான் வியாழன், அதனால் யா செர்வா. இதைக் கேட்டா வைத்தார்கள்?

ஒன்பது பேருக்கும் துணிப்பட்டையில் பெயர் எழுதிக் கையில் கட்டிவிட்டேன். மாலை டாக்டர் ஒஃபோசுஹேனே வந்தார். எங்கள் பேராசிரியர், சேவைக்கு மேற்பார்வையாளர், மதிப்பெண் போடுபவரும் அவர்தான். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "இப்படி இருக்கணும்" என்றார். தலை கால் புரியவில்லை எனக்கு.

பிப்ரவரி 14, வெள்ளி

மெமுனாத்து என்று ஒருத்தி. என் வயதுதான் இருக்கும், கையில் ஒன்பது மாதப் பெண் குழந்தை. இன்று எல்லார் முன்னாலும் அந்தப் பட்டையை அவிழ்த்து என் காலடியில் போட்டாள்.

"எம் பிள்ளைக்குப் பேரு வைக்க நீ யாரு?"

"பேரில்லாமயா வளப்பே? நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றேன். குரல் ஏறிவிட்டது.

"நல்லதுக்கா? பாலு குடுத்தே, பாய் போட்டே, நல்லது. பேரு உன்கிட்ட யாரு கேட்டா?"

பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே பட்டை கட்டிய மற்றப் பிள்ளைகளின் தாய்மார்களும். எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. நாலு மணிக்கு எழுந்து வந்து பிள்ளைக்குக் கழுவிவிடறது நான்! போகட்டுமே! யாருக்கு நஷ்டம்?

பிப்ரவரி 16, ஞாயிறு

நபாரி வந்துவிட்டான். நடந்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டான்.

அவர்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது அப்பா வீட்டுப் பெரியவர்கள். எட்டாம் நாள் தலைமுடி எடுத்து, ஊரைக் கூட்டி வைப்பார்கள். அதுவரை பிள்ளை விருந்தாளி. விருந்தாளி என்பதைத்தான் பெண் என்றால் சம்பகா, ஆண் என்றால் சாண்டோ என்கிறார்கள். இங்கே சந்தையில் வேலை பார்க்கும்போது பிறந்துவிட்டால், தாய் ஊருக்குப் போகிற வரைக்கும் பிள்ளை விருந்தாளியாகவே இருக்கும். ஒன்பது மாதமானாலும் சரி, இரண்டு வருஷமானாலும் சரி. வேறு யாராவது பெயர் வைத்துவிட்டார்கள் என்று ஊருக்குச் சேதி போனால், அப்பா வீட்டார் இது எங்கள் பிள்ளையே இல்லை என்று சொல்லிவிடலாம்.

"அப்ப அவ ஊர்ல யாருமில்லாதவளா நிப்பா" என்றான்.

நான் செய்தது தப்பு. ஆனாலும் கோபம் போகவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

சந்தைக்குப் போய் மெமுனாத்துவைத் தேடிப் பிடித்தேன். தலையில் பெரிய தகரப் பேசின் நிறையக் கிழங்கு, முதுகில் பிள்ளை. நிற்க நேரமில்லை என்றாள். "பேசணும்னா பின்னாலயே வா. வர்றதுன்னா இதைத் தூக்கிக்கோ." பிள்ளையை இறக்கி என்னிடம் கொடுத்துவிட்டாள்.

லாரியிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் மூன்று நடை, அவள் பின்னால் ஓடினேன். மூச்சு வாங்க மன்னிப்புக் கேட்டேன். மூன்றாவது நடையில்தான் வாய் திறந்தாள்.

"வர்றோம். ஆனா அந்தப் புத்தகத்துல அந்தப் பேருங்க இருக்கக்கூடாது. என் கண்ணு முன்னால அடிக்கணும்."

அவள் கண் முன்னால்தான் அடித்தேன். ஒன்பது பெயரையும். பக்கத்தில் 'மெமுனாத்துவின் மகள், விருந்தாளி' என்கிற மாதிரி எழுதினேன். என்ன எழுதினாய் என்று ஒவ்வொன்றையும் படிக்கச் சொன்னாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

டாக்டர் பதிவேட்டைப் பார்த்துவிட்டார்.

"என்ன இது அடித்தல் திருத்தல்? மார்ச்சில நன்கொடை தர்றவங்க பார்க்க வர்றாங்க. ஒன்பது பிள்ளைக்குப் பேரே இல்லைன்னா, ஆளே இல்லாம கணக்குக் காட்றோம்னுதான் நினைப்பாங்க. பழைய பேரையே எழுதிடு."

விளக்கிச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். கெட்டவர் இல்லை அவர், அதுதான் கஷ்டம்.

"சரிம்மா. ஆனா உனக்கு இதுல என்ன போச்சு? அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது."

"எனக்குத் தெரியும் சார்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. மார்ச் ஒன்றாம் தேதிக்குள் சுத்தமான பதிவேடு வரவேண்டுமாம். இல்லாவிட்டால் அறை இல்லை. எனக்கு சேவை மதிப்பெண்ணும் இல்லை. அது இல்லாமல் நவம்பரில் பட்டம் வாங்க முடியாது.

பிப்ரவரி 23, ஞாயிறு

அம்மா சொல்கிறாள்: "எழுதிக் குடுத்துட்டுப் பட்டத்தை வாங்கு, யா. காயாக்களுக்காக யாராவது படிப்பைக் கெடுத்துக்குவாங்களா?" சுமை தூக்குகிற எல்லாருமே அவளுக்குக் காயாதான். ஒருத்திக்கும் பெயர் கிடையாது.

பிப்ரவரி 27, வியாழன்

எல்லாத் தாய்மார்களையும் உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். என் மதிப்பெண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. நபாரி முந்திரிக்கொட்டை மாதிரி அதையும் சொல்லிவிட்டான்.

ரஹினாத்து, இரட்டைப் பிள்ளைக்காரி, சட்டென்று சொன்னாள்: "எழுதிட்டுப் போகட்டுமே. காகிதத்துல அபெனான்னு இருந்தா எம் பிள்ளை அபெனா ஆயிடுமா? அறை போச்சுன்னா ரெண்டையும் கட்டிக்கிட்டு நான் எப்படிச் சுமப்பேன்?"

அவள் சொல்வதும் நியாயம்தான். எனக்கே ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது. பொய் சொல்லவில்லை, ஆசையாகத்தான் இருந்தது.

மெமுனாத்து சொன்னாள்: "இன்னைக்குக் காகிதம். நாளைக்கு ஆஸ்பத்திரி அட்டையில அந்தப் பேரைப் போடுவாங்க. அப்புறம் பள்ளிக்கூடத்துல. ஊருல போய் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? உனக்கு வேணும்னா உன்னோடத எழுதச் சொல்லு. என்னோடது முடியாது."

வெகுநேரம் சண்டை போட்டார்கள், அவர்கள் மொழியில். கடைசியில் ரஹினாத்துவே எழுந்து, "எங்களோடதும் எழுத வேண்டாம்" என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போனாள்.

மார்ச் 1, சனி

பதிவேட்டை உள்ளபடியே கொடுத்தேன். ஒன்பது விருந்தாளிகள்.

மார்ச் 3, திங்கள்

நாலு மணிக்குப் போனால் கதவில் புதுப் பூட்டு. உள்ளே எங்கள் பாய், எங்கள் பால் பவுடர். வெளியே இருட்டில் இருபது தாய்மார்கள்.

அந்த நேரத்துக்கு எனக்குத் தோன்றியது ஒரே இடம். அம்மாவின் கிழங்குக் கொட்டகையில் பின்பாதி, காலிச் சாக்கு போட்டுவைக்கிற இடம். எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"உனக்குப் பைத்தியமா? பிள்ளைங்க மூத்திரத்துல கிழங்கு அழுகிப்போகும்" என்றாள் அம்மா. அதற்குள் லாரி வந்துவிட்டது. "ஏய் காயா! வந்து இறக்குங்க" என்று கத்தினாள்.

மெமுனாத்து பேசினைத் தரையில் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். "பிள்ளைய எங்க வைக்கிறது மேடம்? சொல்லுங்க, வச்சுட்டு வர்றேன்."

"முதுகுல கட்டு. இதுவரைக்கும் கட்டலையா?"

"கட்டினேன். இனிமே கட்டமாட்டேன்."

ஒவ்வொருத்தியாகப் பேசினைக் கவிழ்த்தார்கள். டங், டங் என்று சத்தம். பிள்ளை இல்லாத பெண்கள்கூடக் கவிழ்த்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ரஹினாத்து இரண்டு பிள்ளைகளையும் இரண்டு முட்டியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள்.

லாரி நின்றது. அதன் பின்னால் இன்னொன்று வந்து நின்றது. மற்றக் கிழங்கு வியாபாரிகள் அம்மாவிடம் வந்து, உன் மகள் செய்கிற வேலையைப் பார் என்றார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "நீ யார் பக்கம்?" என்று கேட்டாள்.

"அவங்க பக்கம்மா" என்றேன். நானும் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பேசின் இல்லை, தரையில்தான்.

ஆறரை மணிக்கு டிரைவர், சரக்கோடு திரும்பிப் போகிறேன் என்று வண்டியைக் கிளப்பினான். அம்மா துடைப்பத்தை எடுத்து என் மேல் எறிந்தாள்.

"பின்பக்கம் கூட்டு. சாக்கை வெளிய போடு. ஒரு கிழங்கு நனைஞ்சாலும் உன் தோலை உரிச்சிடுவேன்."

கூட்டினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

நன்கொடைக்காரர்கள் வந்து பூட்டிய அறையைப் பார்த்துவிட்டுப் போனார்களாம். எங்களுக்கு நேரமில்லை, இருபத்தாறு பிள்ளைகள். எங்கள் எட்டுப் பேரில் மூன்று பேர் விலகிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

ஜூன் 19, வியாழன்

முடிவு வந்துவிட்டது. சமூக சேவை: தேர்ச்சி இல்லை. எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் கழிப்பறையில் போய் நன்றாக அழுதேன். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

ஜூன் 25, புதன்

சேவையைத் திரும்பச் செய்ய விண்ணப்பம் வாங்கினேன். இடம் என்ற கட்டத்தில் 'கிழங்குக் கொட்டகை, பின்பக்கம்' என்று எழுதினேன். அதற்குக் கீழே 'இடத்துப் பொறுப்பாளர்' என்று ஒரு கட்டம். போன தடவை அங்கே டாக்டர் பெயர் இருந்தது. இப்போது மெமுனாத்துவின் பெயரை எழுதினேன். யார் எந்த நாள் பிள்ளை பார்ப்பது, யாருக்குக் காய்ச்சல், எல்லாம் அவள்தானே பார்க்கிறாள்?

காகிதத்தை அவளிடம் கொண்டுபோனேன். உடனே விரலை நீட்டுவாள் என்று மைப்பெட்டியைத் திறந்தேன். "மூடு" என்றாள். "முதல்ல படி."

படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். 'மாணவர் ஒழுங்காக வராவிட்டால் பொறுப்பாளர் சான்று மறுக்கலாம்' என்ற வரியை மூன்றாம் தடவையும் கேட்டாள். பிறகு கட்டைவிரலை மையில் நன்றாக அழுத்தி, என் பெயருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நாலு மணின்னா நாலு மணி" என்றாள். "போன வாரம் ரெண்டு நாள் லேட்டு."