மடித்து வைத்த துணி

என் வீட்டுக்காரிக்கு,

நீயும் அப்பாவும் சுகந்தானே? நான் நன்றாக இருக்கிறேன். படித்ததும் முதலில் நம் பட்டறைக்குப் போ. அப்பா மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணிகள் குவிந்து கிடந்தால், தண்ணீரில் நனைத்து, வெளியே தனித்தனியாக விரித்துப் போடு. குவியலாகக் கிடந்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும்.

இங்கே அப்படித்தான் ஆயிற்று. நீ திட்டித் திட்டிப் பழக்கியபடி, எண்ணெய்த் துணிகளை அழகாக மடித்து அடுக்கிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் ஒரே புகை. மேஸ்திரி மணல் வாளியோடு ஓடி வந்து அணைத்தார்.

“நெருப்பே வைக்காம கொளுத்திட்டியேப்பா,” என்றார்.

வலது கையில் லேசான தீக்காயம், அவ்வளவுதான். எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே.

எரிந்தது, “துடைக்க வைத்துக்கொள்” என்று நீ கிழித்துக் கொடுத்த உன் பழைய சேலை. மேஸ்திரி கூப்பிடுகிறார். இன்னொரு சேலை அனுப்பு. கிழிக்க வேண்டாம், துவைக்கவும் வேண்டாம்.

உன்னவன்